சான்று இல்லாத பதினான்கு பேர்

காலை எட்டு மணிக்குப் பம்ப் ஷெட்டின் பூட்டைத் திறந்து, இரண்டு மோட்டார்களையும் ஒருமுறை பார்த்து, கால்வாயின் நீர்மட்டத்தை நோட்டில் குறித்துவிட்டால், மழை வரும்வரை பாலையாவுக்கு வேலை கிடையாது. மட்டாஞ்சேரியில் கடல் ஏறினால் கால்வாயும் ஏறும். அந்த நேரம் பார்த்து மழையும் சேர்ந்துகொண்டால் ஷட்டரை இறக்கி, பம்பைப் போட்டு, தெருவில் தேங்கும் தண்ணீரைக் காயலுக்குத் தள்ள வேண்டும். வருஷத்தில் அறுபது எழுபது நாள் அப்படி ஓட்டம் இருக்கும். மீதி நாட்களில் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, கொசு, கைப்பேசி. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்னும் இரண்டு வருஷம் அந்த நாற்காலிதான்.

அதில் உட்கார்ந்துகொண்டு அவர் ஒன்பது வருஷமாகக் கலைக்களஞ்சியம் எழுதிவந்தார்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கிறதே, அதன் தமிழ்ப் பதிப்பு. மகள் அம்பிளி வாங்கிக் கொடுத்த முதல் கைப்பேசியில் ஒருநாள் கரிமீனைப் பற்றித் தேடினார். கரிமீன் ஆழ்கடலில் வாழும் மீன் என்று போட்டிருந்தது. பாலையா தனியாக உட்கார்ந்து சிரித்தார். ஷெட்டுக்குப் பின்னால் கால்வாயில் தூண்டில் போட்டால் கிடைக்கிற மீன். பக்கத்தின் மேலே 'தொகு' என்று ஒரு சொல் இருந்தது. தொட்டார். திறந்துகொண்டது. ஆழ்கடலை அழித்துவிட்டு, காயல், கழிமுகம் என்று எழுதினார். ஒரு மணி நேரத்தில் யாரோ அதைப் பழையபடி மாற்றி, 'சான்று?' என்று ஒரே ஒரு சொல் கேட்டிருந்தார்கள்.

வேறு ஆளாக இருந்தால் அதோடு விட்டிருப்பார். பாலையா மூன்று நாள் அலைந்து, மீன்வளத் துறை வெளியிட்ட ஒரு கையேட்டைக் கண்டுபிடித்து, பக்க எண்ணோடு கொண்டுபோய்ப் போட்டார். 'நன்றி, தொடர்ந்து எழுதுங்கள்' என்று பதில் வந்தது. யாரும் அதுவரை அவரை எழுதச் சொன்னதில்லை.

சங்கரன்கோவிலில் எட்டாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர். அப்பா கொச்சிக்கு வேலைக்கு இழுத்துக்கொண்டு வந்தபிறகு அந்தத் தமிழுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வீட்டில் பேசுகிற தமிழில் பாதி மலையாளம். மனைவி சுப்பம்மாளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. அம்பிளி மலையாளப் பள்ளியில் படித்தாள். அவளுக்குத் தமிழ் காதுக்கும் வாய்க்கும் மட்டும். பலசரக்குப் பொட்டலமாக வரும் தமிழ்ப் பேப்பரை விரித்து நீவி வாசிப்பதுதான் முப்பது வருஷமாக அவருக்கு மிச்சமிருந்த படிப்பு. அது மங்காமல் இருந்தது அவருக்கே ஆச்சரியம்.

'கரைவாசி' என்று பெயர் வைத்துக்கொண்டார். மீன்கள், வள்ளங்கள், பாலங்கள், மதகுகள், பம்புகள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கட்டுரைகள் அவர் தொடங்கியவை. மற்றவர்கள் எழுதியதில் ஒற்றுப்பிழை திருத்தியதற்குக் கணக்கில்லை. தெருவில் அவர் 'பம்ப் பாலையா'. சாயாக்கடையில் யாருக்கும், வீட்டில் எவருக்கும் கரைவாசியைத் தெரியாது. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை. சொல்ல நினைத்தபோதெல்லாம் எதிரில் இருப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது ஞாபகம் வந்துவிடும்.

கரைவாசியைத் தெரிந்தவர் ஒருவர் உண்டு: அன்று 'சான்று?' என்று கேட்டவர். பெயர் வாஞ்சிநாதன். பாலக்காட்டில் இருந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கலைக்களஞ்சியத்தில் நிர்வாகி, அதாவது பக்கங்களை நீக்கும் அதிகாரம் உள்ள சிலரில் ஒருவர். இருவரும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை. ஆனால் ஒன்பது வருஷத்தில் பேச்சுப் பக்கங்களில் ஆயிரக்கணக்கான செய்திகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 'மதகு' சரியா 'மடை' சரியா என்று ஒருமுறை பதினோரு நாள் சண்டை போட்டார்கள். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். மையவிலக்குப் பம்பைப் பற்றிப் பாலையா எழுதிய நீளமான கட்டுரையைப் படித்துவிட்டு வாஞ்சிநாதன் கேட்டார்: 'இவ்வளவு நுட்பமாக எழுதுகிறீர்களே, தாங்கள் பொறியியல் கல்லூரிப் பேராசிரியரா?'

பாலையா இரண்டு நாள் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் வேறொரு எழுத்துப்பிழையைப் பற்றி எழுதினார். அடக்கத்தால் மழுப்புகிறார் என்று வாஞ்சிநாதன் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து 'பேராசிரியரே' என்றுதான் அழைத்தார். மற்றவர்களும் அப்படியே அழைக்கத் தொடங்கினார்கள். பாலையாவுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. திருத்தவில்லை.

அந்தப் பெயருக்கு ஏற்றபடி கண்டிப்பாகவும் இருந்தார். யாராவது தன் தாத்தாவைப் பற்றியோ தன் ஊர்க் கோயிலைப் பற்றியோ ஆசையாக எழுதிக்கொண்டு வருவார்கள். புத்தகமோ பத்திரிகையோ சான்றாக இருக்காது. 'நம்பகமான சான்று இல்லை. நீக்கலாம். — கரைவாசி' என்று ஒரு வரி போடுவார். அதில் அவருக்கு ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை.

போன ஆடியில், கர்க்கடக மழையில், சுப்பம்மாள் இறந்துபோனாள். எலிக்காய்ச்சல். நாலு நாளில் எல்லாம் முடிந்தது.

பதினாறாம் நாள் சடங்குக்கு வந்தவர்களில் கனகாம்பாள் இருந்தாள். எழுபது வயதுக்காரி, சுப்பம்மாளோடு முன்பு ஒரு சுக்குக் கிட்டங்கியில், அதாவது ஏற்றுமதிச் சரக்குக் கிடங்கில், வேலை செய்தவள். சாப்பாடு முடிந்து, பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள்.

"தொண்ணூத்தி மூணுல நடந்தது. அந்தக் கிட்டங்கில பதினாலு பொம்பளைங்க. காலம்பற ஏழுக்குப் போனா வைகுந்நேரம் ஆறுவரை இஞ்சி சுரண்டணும், சுண்ணாம்புல போடணும், முத்தத்தில விரிச்சு உணத்தணும். ஒண்ணுக்குப் போக எடம் கெடையாது. அதனால தண்ணி குடிக்க மாட்டோம். ஒரு நாள் ஒருத்தி மயங்கி விழுந்தா. அப்ப சுப்பு எந்திரிச்சுப் போயி மொதலாளி முன்னாடி நிக்கா. 'இஞ்சி உணத்த இத்தன எடம் கெடக்கு. எங்களுக்கு ஒரு மறைவு இல்லையா?'ன்னு கேட்டா. இருவத்திரண்டு வயசுப் புள்ள."

முதலாளி சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். மறுநாள் பதினான்கு பேரும் கத்தியை வாசலில் அடுக்கி வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். பத்தொன்பது நாள். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு முற்றத்தில் கிடந்தது. மழை மேகம் கட்டிய அன்று கொத்தனார் வந்தார். இரண்டு அறை கட்டினார்கள்.

"கட்டி முடிஞ்சுது, உள்ள வாங்கன்னாங்க. நான் கதவைத் தள்ளிப் பாத்தேன். தாழ்ப்பாள் இல்ல. தாழ்ப்பாள் போட்டாத்தான் வருவோம்னு திரும்ப உக்காந்தோம். அன்னிக்கே போட்டான்."

பெண்கள் சிரித்தார்கள். அம்பிளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாலையாவுக்கு அந்த வேலைநிறுத்தம் தெரியும். இப்படி வரிசையாகத் தெரியாது. மறுநாள் ஷெட்டில் உட்கார்ந்து கலைக்களஞ்சியத்தில் தேடினார். மட்டாஞ்சேரி என்ற கட்டுரையில் அரண்மனை இருந்தது, யூதர் ஆலயம் இருந்தது, மிளகு வந்த கப்பல்கள் இருந்தன. சுக்கு சுரண்டியவர்கள் இல்லை. அதில் பாதியை எழுதியவர் அவரேதான்.

எட்டு மாதம் அது அவர் மனதிலேயே கிடந்தது. பிறகு எழுத ஆரம்பித்தார். பதினோரு நாள் ஆயிற்று. பதினான்கு பேரின் பெயரையும் கனகாம்பாளிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். பன்னிரண்டு பெயர் உடனே வந்தது. பதின்மூன்றாவது இரண்டு நாள் கழித்து வந்தது. கடைசிப் பெண்ணை எல்லோரும் 'செவத்தக்குட்டி' என்றுதான் கூப்பிட்டார்களாம். அவள் பெயர் மாடத்தி என்று தெரியவர மூன்று வீடு ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒரு புதன்கிழமை மத்தியானம், சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே, 'மட்டாஞ்சேரி சுக்குக் கிட்டங்கி வேலைநிறுத்தம்' என்று தலைப்பிட்டு வெளியிட்டார்.

அரைமணி நேரத்தில் பக்கத்தின் தலையில் 'நீக்கப் பரிந்துரை' என்று சிவப்புப் பட்டை விழுந்தது. கீழே வாஞ்சிநாதனின் செய்தி.

'பேராசிரியரே, இது தாங்கள் எழுதியதுதானா? வேறு யாரேனும் தங்கள் கணக்கைத் திறந்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். ஒரு சான்றுகூட இல்லை. தங்களுக்கு நான் விதி சொல்லத் தேவையில்லை. வழக்கம்போல ஏழு நாள் அவகாசம்.'

பாலையா அந்தச் செய்தியை நாலு தரம் வாசித்தார். சொன்னதில் தவறே இல்லை. வாஞ்சிநாதன் இடத்தில் அவர் இருந்திருந்தால் ஏழு நாள்கூடக் கொடுத்திருக்க மாட்டார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து கனகாம்பாள் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் உட்கார்ந்து கப்பைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த சமரத்தைப் பத்தி, நீங்க பத்தொம்பது நாள் வெளிய உக்காந்ததைப் பத்தி, ஏதாவது பேப்பர் வச்சிருக்கியா? நோட்டீஸ், போட்டோ, யூனியன் ரசீது, ஏதாவது?"

"பேப்பரா? யூனியன்காரன் ஒருத்தன்கூட எட்டிப் பாக்கல தம்பி. கக்கூசுக்கு எவன் கொடி பிடிப்பான்? போட்டோ எடுக்க நாங்க என்ன மந்திரிமாரா?"

"யாராவது எழுதியிருப்பாங்களா?"

"எழுதத் தெரிஞ்சவ எங்கள்ல ஒருத்தியும் இல்லையே." கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப எதுக்கு இதெல்லாம் கேக்கற? அன்னிக்கு நீ என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

பாலையாவுக்கும் ஞாபகம் இருந்தது. அம்பிளி அப்போது கைக்குழந்தை. அவருக்கு நிரந்தர வேலை கிடையாது. மூன்றாம் நாள் கிட்டங்கி வாசலுக்கே போய், எல்லோருக்கும் முன்னால் சுப்பம்மாளிடம், 'கக்கூசுக்காக எவளாவது சோத்தை விடுவாளா? எந்திரிச்சு உள்ள போடி' என்று கத்தினார். அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்தாள்.

"அவ அதை ஒருநாளும் உன்கிட்ட எடுத்துச் சொல்லலையா?" என்றாள் கனகாம்பாள்.

"இல்லக்கா."

"சொல்ல மாட்டா." அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டே, "அந்தக் கக்கூசு இன்னும் இருக்கு, தெரியுமா? கிட்டங்கி இப்போ வெள்ளைக்காரச் சாயிப்புமாரு காப்பி குடிக்கற கடை. போயிப் பாரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து ஷெட்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் பழைய பித்தளை அண்டாவில் செடி வளர்த்திருந்தார்கள். இஞ்சி காய்ந்த முற்றத்தில் குடையும் மேசையும் போட்டு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சட்டையில் கிரீஸ் கறையோடு நின்ற அவரைப் பார்த்து, கருப்பு ஏப்ரன் கட்டிய பெண் ஒருத்தி வந்தாள்.

"சேட்டா, எந்தா வேண்டே?"

"டாய்லெட்."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு பின்பக்கம் கையைக் காட்டினாள்.

முற்றத்தின் கோடியில், மதிலை ஒட்டி, அடுத்தடுத்து இரண்டு கதவுகள். கதவுகள் புதிது. ஒன்றில் தொப்பியும் மற்றதில் விசிறியும் வரைந்திருந்தார்கள். சுவர் பழைய வெட்டுக்கல். காரை உதிர்ந்த இடத்தில் கல்லின் சிவப்பு தெரிந்தது. அவர் கையால் தடவிப் பார்த்தார். சுப்பம்மாள் இருந்திருந்தால் இந்த இடத்துக்கு அழைத்துக்கொண்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது. முப்பத்திரண்டு வருஷம் பத்து நிமிஷ நடையில் இருந்த சுவர். விசிறிக் கதவு திறந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி வெளியே வந்தாள். தன்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தோ என்னவோ, முகம் சுளித்து ஒதுங்கிப் போனாள். பாலையா கைப்பேசியில் சுவரை ஒரு படம் எடுத்தார். எடுக்கும்போதே தெரிந்தது. படத்தில் சுவர் இருக்கும். யார் கேட்டுக் கட்டியது என்று சுவரில் எழுதியிருக்காது.

சனிக்கிழமை அம்பிளியை எர்ணாகுளத்துக்கு வரச் சொன்னார். அவள் களமசேரியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தாள். கணவனும் பிள்ளையுமாக அங்கேயே வீடு. அவர் படகில் போய் இறங்கியபோது அவள் படகுத்துறையிலேயே காத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரு பழைய நூலகத்துக்குப் போனார்கள். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து மலையாளப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக பைண்டு செய்து வைத்திருந்தார்கள். பாலையா பஸ் போர்டு படிக்கிற வேகத்தில்தான் மலையாளம் படிப்பார். அம்பிளி விரலை ஓட்டிக்கொண்டே போனாள். மூன்று மணி நேரம். இரண்டு பேருக்கும் தூசியில் தும்மல்.

"அப்பா, இதா."

நாலு வரி. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் சில நாட்களாக நின்றிருந்த வேலை மீண்டும் தொடங்கியது. ஏற்றுமதி பாதிக்கப்படாது என்று வியாபாரிகள் தெரிவித்தார்கள். அவ்வளவுதான். அம்பிளி இன்னொரு தரம் படித்தாள்.

"இதில பெண்ணுங்களே இல்லையே அப்பா."

"இல்ல."

"கக்கூசும் இல்ல."

"இல்ல."

"இது உனக்கு எதுக்கு?"

அவர் கைப்பேசியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். அவள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அவளுக்கு அது வெறும் வளைவுகளாகத்தான் தெரிந்திருக்கும்.

"இது என்னா?"

"அம்மா பண்ணின சமரம். நான் எழுதினது. நான் இதில ஒம்பது வருஷமா எழுதறேன்."

"நீயா? உன் பேர் எங்க?"

"பேர் கெடையாது. கரைவாசின்னு போட்டிருக்கும்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் போன்ல சீட்டு ஆடறேன்னு நெனச்சிட்டிருந்தா."

அம்பிளி கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். "எனக்கு இதை வாசிக்கத் தெரியாதில்லே" என்றாள். அவளுக்கு மூன்றரை மணிக்குப் பிள்ளையை டான்ஸ் கிளாசிலிருந்து கூட்டிப்போக வேண்டும். மெட்ரோ ஸ்டேஷன் வாசல்வரை கூடப் போய்விட்டு, பாலையா தனியாகப் படகு ஏறினார்.

திங்கட்கிழமை அந்த நாலு வரிச் செய்தியைச் சான்றாகச் சேர்த்தார். வாஞ்சிநாதன் அதைப் பார்த்துவிட்டு நீளமாக எழுதினார். அதில் அக்கறை இருந்தது.

'பேராசிரியரே, இந்தச் செய்தியை வைத்து மட்டாஞ்சேரிக் கட்டுரையில் ஒரு வரி சேர்க்கலாம். தனிக்கட்டுரை நிற்காது. ஆனால் விஷயம் அருமையானது. இதை இழக்க எனக்கும் மனமில்லை. ஒரு வழி இருக்கிறது. இது தங்கள் கள ஆய்வு என்று ஊகிக்கிறேன். தங்கள் இயற்பெயரில், தங்கள் கல்லூரியின் பெயரோடு, ஏதாவது ஆய்விதழில் ஒரு கட்டுரையாக வெளியிடுங்கள். தங்களைப் போன்ற ஒருவர் எழுதி அச்சில் வந்தால், அதுவே போதுமான சான்று. அதை மேற்கோள் காட்டி நானே இங்கே எழுதுகிறேன்.'

பாலையா கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அதே பதினான்கு பெயர்கள். அதே பத்தொன்பது நாள். சொல்கிற ஆள் கல்லூரிக்காரன் என்றால் சான்று. அவருக்குக் கோபம் வரவில்லை. வாஞ்சிநாதன் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? பேராசிரியர் என்று கூப்பிட்டபோது ஆமாம் என்பதுபோல் இருந்தவர் அவர்தானே.

அன்று முழுக்கப் பதில் எழுதவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்து, பாதி சாப்பிட்டு, மீதியில் தண்ணீர் ஊற்றி வைத்தார். இப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தார். ஆய்விதழுக்கு நேரமில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். பக்கம் போகும், பேராசிரியர் இருப்பார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எழுத ஆரம்பித்து மத்தியானம் ஒன்றரைக்கு முடித்தார்.

'மதிப்பிற்குரிய வாஞ்சிநாதன் ஐயா, நான் பேராசிரியர் இல்லை. எந்தக் கல்லூரிக்குள்ளும் போனதில்லை. எட்டாம் வகுப்பு. மட்டாஞ்சேரியில் மழைத்தண்ணீர் இறைக்கும் பம்பை இயக்குகிறேன். தாங்கள் கேட்ட அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. கட்டுரையில் முதலாவதாக இருக்கும் சுப்பம்மாள் என் மனைவி. போன வருஷம் இறந்துவிட்டாள். சொந்தக்காரரைப் பற்றி எழுதக் கூடாது என்ற விதி தெரிந்தே எழுதினேன். அச்சில் எழுத எனக்கு இடம் கிடையாது. — கரைவாசி.'

அனுப்பிவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். பதில் வரவில்லை. சாயங்காலம்வரை வரவில்லை. வாஞ்சிநாதன் அன்று வேறு எந்தப் பக்கத்தையும் தொடவில்லை என்பதைப் பாலையா பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

புதன்கிழமை ஏழு நாள் முடிந்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் பக்கம் இல்லாமல் போயிற்று. 'நீக்கப்பட்டது: போதிய சான்று இல்லை' என்று காரணம் இருந்தது. அதன்பிறகு வாஞ்சிநாதனின் செய்தி வந்தது.

'நேற்று முழுவதும் எழுதி எழுதி அழித்தேன். தங்கள் மனைவியின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தம். எனக்குத் தெரியாமல் போயிற்று. இத்தனை வருஷமாக நாம் ஒருவரையொருவர் ஒன்றுமே கேட்டுக்கொண்டதில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. பக்கத்தை வேறு நிர்வாகி நீக்குவதைவிட நானே நீக்குவது மரியாதை என்று நினைத்தேன். நீக்கும் முன் முழுதும் மூன்று தடவை படித்தேன். நிர்வாகிகளால் மட்டுமே நீக்கிய பக்கங்களைப் பார்க்க முடியும். நான் பார்ப்பேன். எர்ணாகுளம் வந்தால் தங்களைச் சந்திக்க வரலாமா?'

பாலையா 'வாருங்கள்' என்று எழுதினார். பிறகு மட்டாஞ்சேரிக் கட்டுரையைத் திறந்து, அந்த ஒரு வரியைச் சேர்த்தார்: 1993இல் இங்குள்ள ஒரு சுக்குக் கிட்டங்கியில் சில நாட்கள் வேலை நின்றது. நாலு வரிச் செய்தியைக் கீழே சான்றாகக் கொடுத்தார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

அதன் பிறகு நாட்கள் பழையபடிதான் போயின. ஒரே ஒரு வித்தியாசம். பேச்சுப் பக்கத்தில் அவர் எழுதியதை எல்லோரும் படித்துவிட்டதால், யாரும் அவரைப் பேராசிரியர் என்று அழைப்பதில்லை. சிலர் 'ஐயா' என்றார்கள், சிலர் ஒன்றுமே சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வந்தார்கள். வாஞ்சிநாதனும் எழுதினார். சொற்கள் இப்போது இன்னும் பணிவாக இருந்தன. 'மதகு'க்கும் 'மடை'க்கும் சண்டை போட்டாரே, அந்தப் பழைய வாஞ்சிநாதன் திரும்பி வரவேயில்லை. பாலையா வேண்டுமென்றே ஒரு கட்டுரையில் தப்பான சொல்லைப் போட்டுப் பார்த்தார். வாஞ்சிநாதன் அதைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்பிளி தனியாக வந்தாள். வரும்போதே இருநூறு பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் கையில் இருந்தன.

"அம்மாவைப் பத்தி எழுதினது இன்னும் இருக்கா?"

"அதில இல்ல. எடுத்துட்டாங்க. என் போன்ல ஒரு காப்பி வச்சிருக்கேன்."

"வாசி. நான் எழுதிக்கறேன்."

"உனக்குத் தமிழ் எழுத்து..."

"மலையாள எழுத்தில எழுதிக்கறேன். நீ சொல்ற சொல்லையே எழுதறேன், மாத்தல. மெதுவா வாசி."

அவர் கட்டிலில் உட்கார்ந்து வாசித்தார். அவள் தரையில் உட்கார்ந்து எழுதினாள். 'வேலைநிறுத்தம்' என்றால் சமரம்தானே என்று கேட்டாள். 'முற்றம்' அவளுக்குத் தெரிந்திருந்தது. மாடத்தி என்ற பெயருக்கு மலையாளத்தின் நாலு 'ட'வில் எது என்று கேட்டுக்கொண்டாள். பெரிய எழுத்துக்களில், பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். சுப்பம்மாளும் ஏதாவது நறுக்கும்போது அப்படித்தான் நாக்கைக் கடிப்பாள். ஒரு இடத்தில் அம்பிளியின் பேனா நின்றது.

"'பெண்களின் வீட்டார் சிலரும் இதை எதிர்த்தனர்.' வீட்டார்னா யாரு?"

கலைக்களஞ்சியத்துக்காக எழுதிய வரி அது. பெயர் போடாமல், யார் பக்கமும் சாயாமல் எழுத வேண்டும் என்று இத்தனை வருஷம் பழகிய கை எழுதியது. பாலையா கைப்பேசியைக் கீழே வைத்தார்.

"நான்தான்."

அம்பிளி நிமிர்ந்தாள்.

"அந்த வரியை வெட்டு. நான் சொல்றதை எழுது." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வாசிப்பதைப் போலவே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மூணாம் நாள், சுப்பம்மாளின் கணவன் பாலையா கிட்டங்கி வாசலுக்கு வந்தான். கக்கூசுக்காக எவளாவது சோத்தை விடுவாளான்னு எல்லாருக்கும் முன்னாடி கேட்டான். அவ எந்திரிக்கல. மடியில பிள்ளை இருந்தது. அவன் ஆறு நாள் அவகிட்டப் பேசல. தப்பு அவன் பேர்ல."

அவள் எழுதவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை நானா?"

"நீதான்."

"அம்மா எங்கிட்ட இதைச் சொன்னதே இல்ல."

"எங்கிட்டயும் பின்னே ஒருநாளும் சொன்னதில்ல. எழுது. இதுக்குச் சான்று இருக்கு."

அம்பிளி குனிந்து, பழைய வரியின்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு எழுதினாள். அப்பாவின் பெயர் வந்த இடத்தில் கை கொஞ்சம் தயங்கியது. அவர் 'பாலையா' என்று இன்னொரு தரம் சொன்னார்.